நீர்மூழ்கியின் சோனார் கேபிள்: கேள்வி பதில்

கே-350 மாதிரி, இருவர் உட்காரும் சொந்தக் கட்டுமான நீர்மூழ்கிகளை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். அது 350 அடிக்கு, அதாவது சுமார் 107 மீட்டர் ஆழத்துக்கு வரையப்பட்ட படகு. 50, 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி எதிரொலியால் ஆழம் பார்க்கும் சோனார்), ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னல் கவசம்) போட்ட கேபிள், அதன் ஒட்டு: இவை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, த்ரஸ்டர் (படகைத் தள்ளும் மோட்டார்) நிற்கும்போது திரை சுத்தமாக இருக்கிறது. ஓட்டினால் முழுக்கப் புள்ளி. கேபிள்தானா?

படகு கரையில் இருக்கும்போதே த்ரஸ்டரைச் சில நொடி ஓட்டுங்கள். அப்போதும் புள்ளி வந்தால் அது ப்ரொப்பெல்லர் சத்தம் இல்லை, மின் இரைச்சல். மோட்டாரின் வேகக் கன்ட்ரோலர் விநாடிக்கு 20,000 முறை மின்சாரத்தை வெட்டிக் கொடுக்கிறது என்றால், அதன் பத்தாம் மடங்கு சரியாக 200 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். சோனார் அனுப்புவது நூற்றுக்கணக்கான வோல்ட். ஆழத்திலிருந்து திரும்பி வரும் எதிரொலி மைக்ரோவோல்ட் கணக்கு. ஷீல்டு ஓரிடத்தில் அறுந்தாலும் அந்த மைக்ரோவோல்ட் இரைச்சலில் மூழ்கிவிடும்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கேபிளை உரித்துக்கொண்டே போக வேண்டாம். சோனார் பெட்டிப் பக்கத்துச் செருகியைக் கழற்றி, ஒன்றாகச் சேர்த்த உள்கம்பிகளுக்கும் ஷீல்டுக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கு அளவு) பாருங்கள். அதே கேபிளின் மிச்சத் துண்டு இதே முறையில் ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் காட்டி, இது 320 காட்டினால், அறுந்தது ஏறக்குறைய 3.2 மீட்டரில். ஒரு சாண், இரண்டு சாண் முன்பின் இருக்கும்.

கேள்வி: வெட்டிப் பார்த்தால் ஷீல்டுப் பின்னல் பச்சையாக இருக்கிறது சார். சுரண்டிவிட்டு ஒட்டு போடலாமா?

கூடாது. கேபிள் என்பது முதலில் குழாய், பிறகுதான் கம்பி. பின்னலின் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தண்ணீர் ஏறும். அழுத்தமும் சேர்ந்தால் மீட்டர் கணக்கில் போகும். பச்சையும் கறுப்பும் முடிந்து, செம்பு அல்லது ஈயப்பூச்சு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள். அதற்கு மேலும் 10 செ.மீ. வெட்டுங்கள். ஒலியை அனுப்பி வாங்கும் தலையான டிரான்ஸ்டியூசர்வரை கறுப்பு போயிருந்தால் டிரான்ஸ்டியூசரையே மாற்றுங்கள். அதை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முடியாது.

நல்ல கேபிள் கிடைத்தபின் வேலை இப்படி. ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) துண்டுகளையும் ஈயம் பூசிய பின்னல் குழல் ஒன்றையும் முதலிலேயே கேபிளில் கோத்துவிடுங்கள். வெளியுறையை இரு பக்கமும் 70 மி.மீ. உரியுங்கள். கம்பிகளை ஒரே இடத்தில் சேர்க்காமல், உறையின் ஒரு விளிம்பிலிருந்து ஒரு ஒட்டு 20 மி.மீ. தொலைவில், அடுத்தது 45 மி.மீ. தொலைவில் வருமாறு தள்ளித் தள்ளி வெட்டுங்கள். முடிச்சு மேல் முடிச்சு வந்தால் நடுவே காற்று நிற்கும்; ஆழத்தில் அது நசுங்கி, பிறகு ஊற்றப்போகும் ரெசினை (இறுகும் பிசினை) பிளக்கும். ரோசின் உள்ள ஈயத்தால், இழைகளுக்குள் முழுக்க ஊறும்படி பற்றவையுங்கள். தகரப் பட்டறையில் போடும் ஆசிட் வேண்டவே வேண்டாம். மிஞ்சிய ரோசினை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, ஒவ்வொரு கம்பி ஒட்டின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் துண்டை இழுத்துச் சுருக்குங்கள்.

ஷீல்டை முறுக்கி ஒற்றை வால் ஆக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே 5 செ.மீ. கவசம் இல்லாமல் போகும். பின்னல் குழலை ஒட்டு முழுவதும் இழுத்து மூடி, இரு முனையிலும் மெல்லிய கம்பி சுற்றி, இரண்டு மூன்று நொடிக்குள் ஈயம் வையுங்கள். அதற்கு மேல் சூடு நின்றால் உள்ளே இன்சுலேஷன் உருகும்.

பிறகு வெளியுறையை இரு பக்கமும் 40 மி.மீ. நீளத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு முழுக்கப் போகும்வரை தேயுங்கள். ஆல்கஹாலால் துடைத்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள். சுற்றிலும் 6 மி.மீ. இடம் விட்டு அச்சுக் குழாய் மாட்டி, சாய்த்துப் பிடித்து, இரண்டு பாகப் பாலியூரித்தேன் ரெசினைத் தாழ்ந்த முனையிலிருந்து ஏற்றுங்கள். காற்று மேல்முனை வழியே போகட்டும். உறை பாலிஎத்திலீனாக இருந்தால் ரெசின் ஒட்டாது, கேபிளையே மாற்றுங்கள்.

கேள்வி: தன்னால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் நாலு சுற்று போதாதா?

ரெசினுக்கு மேல் உராய்வுக்குப் போடலாம். ரெசினுக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

கேள்வி: ரெசின் நுரை நுரையாக இறுகிவிட்டது. கலவை விகிதம் சரியாகத்தான் இருந்தது.

ஈரம். பாலியூரித்தேன் ரெசினில் உள்ள ஐசோசயனேட், தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடு விடும். டின்னைத் திறந்தே வைத்திருக்கலாம், கேபிள் முழுக்கக் காயாமல் இருந்திருக்கலாம், மழை நாளில் ஊற்றியிருக்கலாம். கேபிள் முனையை 50 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்துவிட்டு, புது டின்னில் மறுபடி செய்யுங்கள். நுரைத்ததை வெட்டி எறிய வேண்டியதுதான்.

கேள்வி: கண்ணாடித் தொட்டி ஒட்டும் சிலிக்கான் இருக்கிறது. அதை நிரப்பலாமா?

வினிகர் வாசனை அடிக்கிறதா? அது அசிட்டிக் அமிலம். செம்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே அழகாக இருக்கும், ஆறு மாதம் கழித்து உள்ளே பச்சைத் தூள்தான் இருக்கும்.

கேள்வி: நான் கப்பல் எலக்ட்ரீஷியன். ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்வதே முறை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சோனார் பெட்டிப் பக்கம் ஒரு முனை மட்டும். 200 கிலோஹெர்ட்ஸ் மின்னலையின் நீளம் கேபிளுக்குள் ஆயிரம் மீட்டர் அளவில் இருக்கும். ஆறு மீட்டர் கேபிளுக்கு ஒரு முனை போதும்.

கேள்வி: ஹல் (படகின் உடம்பு) முழுக்க எஃகு, எல்லாம் ஒரே எர்த்தானே? இரண்டாவது முனையால் என்ன கெடும்?

இரண்டு கெடும். த்ரஸ்டர் ஓடும்போது ஹல்லின் இரண்டு இடங்களுக்கு நடுவே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். மின்கசிவு இருந்தால் அந்த மில்லிவோல்ட் ஷீல்டு வழியே மின்சாரத்தை ஓடவிட்டு, மைக்ரோவோல்ட் எதிரொலியின் மேல் ஏறும். அடுத்தது, டிரான்ஸ்டியூசர் உடம்பு வெண்கலமாக இருந்து ஷீல்டோடு சேர்ந்திருந்தால், வெண்கலமும் எஃகும் கடல்நீரில் ஒரு பேட்டரி ஆகிவிடும். அரிபடுவது எஃகு, அதாவது உங்களைச் சுமக்கும் ஹல். ஹல்லுக்குப் பதிலாக அரிபட மாட்டும் துத்தநாகக் கட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கரைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பெட்டிக்குள் ஷீல்டு ஏற்கெனவே ஹல்லோடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (எலக்ட்ரீஷியன்): பல மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு ஒரு முனை போதாது. இதை மறுக்க முடியாது.

மறுக்கவில்லை, அது சரி. அங்கே ஹல் துளையின் உட்பக்கம் ஷீல்டுக்கும் ஹல்லுக்கும் நடுவே 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். 10 மெகாஹெர்ட்ஸில் அது 1.6 ஓம், நேர்மின்சாரத்துக்கு (டி.சி.) முழுத் தடை. இரைச்சலுக்கு வழி, அரிப்புக்கு அடைப்பு. நேரடியாக மட்டும் இணைக்காதீர்கள்.

கேள்வி: எந்த கம்பெனி சோனார் வாங்கலாம்? விலை?

அது என் துறை இல்லை. விற்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எம்சீல் வைத்து டேப் சுற்றினால்?

டேப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். எம்சீல் கல்லாக இறுகும், கேபிள் வளையும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் விரிசல் விடும்.

கேள்வி: ஹல் துளைக்கு ஐபி 68 (தண்ணீர் புகாத தரம்) நைலான் கிளாண்ட் (கேபிளை இறுக்கி அடைக்கும் மூடி) போதுமா?

போதாது. எத்தனை மீட்டர், எத்தனை நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் எழுதுவார். பெரும்பாலும் சில மீட்டர்தான். 100 மீட்டரில் 8 மி.மீ. கேபிளை உள்ளே தள்ளும் விசை சுமார் 5 கிலோ. கேபிள் நழுவி உள்ளே விழுந்தால் அந்தத் துளை வழியே நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் தண்ணீர் வரும். தோள்பட்டை (அகன்ற விளிம்பு) வெளிப்பக்கம் இருக்கும் உலோக உடம்பு போடுங்கள். அழுத்தம் கூடக் கூட அது தன் இருக்கையில் இறுகும். அதன் உள்ளே 25 மி.மீ. உறையை நீக்கி, பின்னலைப் பிரித்து, ஒவ்வொரு கம்பியையும் ஈயத்தால் திடமாக்கி, எபாக்ஸி நிரப்புங்கள். வெளியே கேபிள் அறுந்தாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிட வேண்டும். குழாய் என்று சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: டேப் மட்டும், ஆனால் எட்டு சுற்று...

மூன்றாம் முறை கேட்கிறீர்கள். வேண்டாம்.

கேள்வி: ஒட்டைச் சோதிக்க மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போட்டால் டிரான்ஸ்டியூசர் போய்விடுமா?

நல்ல கேள்வி. முதலில் சோனார் பெட்டியைக் கழற்றுங்கள். உள்கம்பிகள், ஷீல்டு எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி மெக்கரின் ஒரு முனையில் வையுங்கள். டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் படிகத்துக்குக் குறுக்கே வோல்ட் வராது. லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த வாளியில் ஒட்டை மட்டும் 24 மணி நேரம் ஊறவிட்டு, மறுமுனையைத் தண்ணீரில் வைத்து 500 வோல்ட் கொடுங்கள். டிரான்ஸ்டியூசர் வாளிக்கு வெளியே இருக்கட்டும். 100 மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஒட்டை வெட்டுங்கள். அதில் தேறினால், தண்ணீர் நிரப்பிய அழுத்தப் பாத்திரத்தில் படகின் ஆழத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு அழுத்தம் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பாத்திரத்தில் காற்று அடைக்காதீர்கள். வெடித்தால் ஆளைக் கொல்லும்.

கேள்வி: அழுத்தம் எத்தனை நேரம்?

ஒரு மணி நேரம், மூன்று முறை ஏற்றி இறக்கி. முதல் முறையில் தப்பிய விரிசல் பெரும்பாலும் மூன்றாவதில் மாட்டும்.