கலைக்கு நிறம் கிடையாதாமே!

கேள்வி: எம்மெட் டில்லோட சவத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓவியர் வரைஞ்சாங்கன்னு படத்தையே அழிக்கச் சொன்னாங்களே, கலைக்கு ஏது நிறம்? இப்படியே போனா யாரும் யாரையும் வரைய முடியாதே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முதல்ல ஒண்ணு சார், அந்தப் படத்தை யாரும் அழிக்கலை. 2017-ல நியூயார்க் விட்னி மியூசியத்துல நீங்க சொல்ற அந்த ஓவியர் டேனா ஷுட்ஸோட படம் மாட்டியிருந்தப்ப, பார்க்கர் பிரைட்னு ஒரு கறுப்பினக் கலைஞர் அதை மறைச்சாப்ல முன்னாடி போய் நின்னார், ஹன்னா பிளாக்னு இன்னொரு கலைஞர் அழிக்கச் சொல்லி பகிரங்கக் கடிதம் எழுதினாங்க, மியூசியம் பக்கத்துல இருந்த குறிப்பை மாத்துச்சே தவிர எதிர்ப்புக்காகப் படத்தை இறக்கலை. அதே வருஷம் பாஸ்டன்ல ஷுட்ஸுக்குத் தனிக் கண்காட்சியே நடந்துச்சு, அதையும் நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தலை. இதுல யார் கையை யார் கட்டினாங்க?

அந்தப் பையன் எம்மெட் டில்லோட கதை தெரிஞ்சாதான் கோபம் புரியும். 1955, சிகாகோலேருந்து மிசிசிப்பிக்கு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன 14 வயசுப் பையன், வெள்ளைக்காரப் பொம்பளைகிட்ட வம்பு பண்ணினான்னு சொல்லி அடிச்சுக் கொன்னு ஆத்துல போட்டாங்க. வெள்ளைக்காரங்க மட்டுமே இருந்த ஜூரி கொன்ன ரெண்டு பேரையும் விடுதலை பண்ணிடுச்சு, அடுத்த வருஷமே அவனுங்க ஒரு பத்திரிகைகிட்ட காசு வாங்கிக்கிட்டு ஆமா நாங்கதான் கொன்னோம்னு கதை சொன்னானுங்க. அம்மா மேமி டில் என்ன பண்ணினாங்க, சவப்பெட்டிய மூட விடலை, எம்புள்ளைய என்ன பண்ணியிருக்காங்கன்னு ஊரே பாக்கட்டும்னுட்டாங்க. கறுப்பர்களுக்கான ஜெட் பத்திரிகையில அந்த போட்டோ வந்துச்சு. சிதைஞ்ச முகம், ஆனா முகம்.

ஷுட்ஸ் படத்துல அந்த முகம்தான் இல்லை. பெயின்ட்டைக் கெட்டியா அப்பி, இழுத்து, குழைச்சு, பாக்க "அட என்ன பிரஷ் வேலை"ன்னு தோணற மாதிரி ஒரு பரப்பு. ஒரு தாயா யோசிச்சு வரைஞ்சேன்னாங்க, விக்க மாட்டேன்னாங்க, நம்புறேன். ஆனா அம்மா மறைக்காதேன்னு சொன்னதைப் படம் மறைக்குது. ஓவியமாவே தோத்த இடம் இது. இதைச் சொல்ல வேண்டிய விமர்சகர்கள்ல நிறைய பேர் படத்தை விட்டுட்டு வரைய உரிமை இருக்கா இல்லையான்னு பட்டிமன்றம் நடத்தினாங்க.

அதே ஷோவுல ஹென்றி டெய்லர் ஒரு படம் வச்சிருந்தார். 2016-ல மினசோட்டாவுல காருக்குள்ள உக்காந்திருந்தப்பவே போலீஸ்காரர் சுட்டுக் கொன்ன கறுப்பர் ஃபிலாண்டோ காஸ்டில்தான் அந்தப் படத்துல. கண்ணு திறந்திருக்கு, ஜன்னல்ல துப்பாக்கி பிடிச்ச கை, பாக்கறவங்க அதே கார்ல உக்காந்திருக்கற மாதிரி. டெய்லர் கறுப்பர்ங்கறதாலதான் யாரும் சண்டை போடலையான்னா, ஆமா, அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க என்ன இருக்கு. ஆனா கொன்னவன் கையை விட்டுடாம வரைஞ்சிருக்காரே, அதையும் சேர்த்துப் பாருங்க.

அழிக்கணும்ங்கறது எனக்கும் உடன்பாடில்லை. கியூப வம்சாவளிக் கலைஞர் கோகோ ஃபஸ்கோவும் அதை எதிர்த்து எழுதினாங்க, அதுக்காக கோபப்பட்டவங்களை வாயை மூடச் சொல்லலை.

அப்புறம் உங்க "கலைக்கு ஏது நிறம்". 1969-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அதே ஊர்ல இருக்கற ஹார்லெம் பகுதியைப் பத்தி பிரமாண்டமா ஒரு கண்காட்சி போட்டுச்சு, கறுப்பர்களோட ஹார்லெமைப் பத்தி, போட்டோ, ஒலிப்பதிவு எல்லாம் வச்சு. ஹார்லெம் ஓவியர்கள் வரைஞ்ச படம் ஒண்ணு? கிடையாது. பென்னி ஆண்ட்ரூஸும் மத்த ஓவியர்களும் வாசல்ல அட்டை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. யாரும் வரைய முடியாமப் போயிடுமோன்னு கவலைப்படறதா இருந்தா அங்கேருந்து ஆரம்பிங்க சார்.