பழைய பெட்ரோல் டிராக்டரின் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்துவிட்டால் சரிசெய்ய முடியுமா?

பாலக்கோட்டில் உங்கள் கொட்டகையில் நிற்கும் பழைய பெட்ரோல் ஃபெர்குசன், புதுப் பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) போட்ட பிறகும் திணறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்ய முடியும். இன்றைய டீசல் டிராக்டர்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது என்பதால், இதைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்தான் அரிது.

இத்தகைய குறை பெரும்பாலும் பாயின்ட்டில் இருப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் சுழலும் தண்டைத் தாங்கும் வெண்கல உருளை வளையமான புஷ்ஷில்தான் இருக்கும். மூடியையும், தண்டின் உச்சியில் சுழலும் ரோட்டாரையும் எடுத்துவிட்டுத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால், பாயின்ட்டைத் திறக்கும் கேமின் நான்கு முனைகளிலும் பாயின்ட் இடைவெளியைத் தனித்தனியே ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்து பாருங்கள். ஒரு முனையில் 0.30 மி.மீ., மற்றொன்றில் 0.45 மி.மீ. என மாறினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி வெவ்வேறு நேரத்தில் விழுகிறது என்று பொருள். அந்த நிலையில் எத்தனை பாயின்ட் மாற்றினாலும் காசுதான் வீண்.

கழற்றும் முன் ரோட்டார் நோக்கும் திசையைக் கீறி அடையாளமிடுங்கள். அடிப்பக்கப் பின்னைத் தட்டி எடுத்தால் தண்டு மேலே வந்துவிடும். புதுப் புஷ் போட ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் உறிஞ்சும் வெண்கலப் புஷ் என்றால், அதை ஒரு நாள் முழுவதும் எஞ்சின் ஆயிலில் ஊறவைத்த பிறகே அழுத்திப் பொருத்த வேண்டும். துளையை ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி) போட்டுச் சுரண்டினால் நுண்துளைகள் அடைபட்டுத் தண்டுக்கு எண்ணெய் கசிந்து வராது, ஆகவே பட்டறைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்டே தேய்ந்திருந்தால் புதுப் புஷ் மட்டும் பயன்தராது. மறுபடி பூட்டிய பின் இடைவெளியை முதலில் வைத்து, டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) அதன்பிறகு சரிபாருங்கள். சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-3-4-2.