பதினைந்து வயதில் ஸ்டியரிங்கா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மதுரையிலிருந்து அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பையன் பத்தாம் வகுப்பு, வயது பதினைந்தே முக்கால். ஓட்டுநர் கல்விக்காகப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு கூட்டத்துக்கு வரவேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஊரில் 18 வயதுக்கு முன் காரைத் தொடவிட மாட்டோமே, இங்கேயும் அதுவரை தள்ளிப்போடலாமா, இல்லை தனியார் பயிற்சிப் பள்ளியில் பணத்தைக் கட்டி வேலையை முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் திருச்சியிலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகளின் முறை வந்தபோது என் கணவரும் உங்களைப் போலத்தான் சொன்னார். 18 ஆனால் இங்கே சட்டம் தளர்ந்துவிடும் என்பது உண்மை. பெர்மிட்டை, அதாவது ஓட்டிப் பழகுவதற்கான அனுமதிச் சீட்டை, 60 நாள் வைத்திருந்தாலே போதும், வகுப்பு எதுவும் இல்லாமல் ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அந்த வயதில்தான் பிள்ளை கல்லூரிக்கென்று வீட்டை விட்டுப் போகிறது. முதல்முறை ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் உட்கார நீங்கள் இருக்க மாட்டீர்கள். அறைத்தோழனின் பழைய காரில், மழை பெய்கிற ஒரு ராத்திரியில் அவன் கற்றுக்கொள்வதைவிட உங்கள் கண்முன் கற்றுக்கொள்ளட்டும்.

முதலில் லேர்னர்ஸ் பெர்மிட். இந்த மாநிலத்தில் பதினைந்தரை வயதில் எடுக்கலாம். உங்கள் பையனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தில், அதாவது எல்லோரும் டி.எம்.வி. என்று சொல்லும் இடத்தில், கண் பரிசோதனையும் கணினியில் ஒரு தேர்வும் உண்டு. தேர்வின் முதல் பகுதியில் சாலைக் குறியீடுகள் 10. பத்தும் சரியாக இருக்கவேண்டும். அடுத்த பகுதியில் 30 கேள்விகள். 24 சரியாக இருந்தால் போதும்.

அந்தப் பத்தை யாரும் மதிப்பதில்லை. என் மகன் படிப்பில் கெட்டி. கையேட்டைப் போகிற வழியில் காரில் புரட்டியதோடு சரி. நீளமான மஞ்சள் முக்கோணப் பலகை, கொடி போலப் படுத்துக் கிடக்குமே, அது எதைச் சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். முந்திச் செல்லக்கூடாது என்பது விடை. இவன் வளைவு என்று அழுத்திவிட்டான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மறுபடி எழுத 15 நாள் காத்திருக்கவேண்டும். வீடு திரும்பும்போது இரண்டு இடத்தில் அந்தப் பலகை நின்றது. அதுவரை நானும் அதைக் கவனித்ததே இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

இனி பள்ளியா, தனியாரா என்பது. பாதிப் பாதி என்பதே என் பதில். பயிற்சியில் வகுப்பறைப் பகுதி ஒன்று, காரில் ஓட்டும் பகுதி ஒன்று. வகுப்பறைப் பகுதி 36 பாடவேளை. அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு உடல்நலப் பாடத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதற்குத் தனியாகப் பணம் தேவையில்லை. காரில் ஓட்டும் பகுதிக்குத்தான் கட்டணம், அதை டி.எம்.வி.யின் உரிமம் பெற்ற தனியார் பள்ளியில் முடிக்கலாம். அங்கே போனதும் வகுப்பறையையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கப் பார்ப்பார்கள். பள்ளியில் முடித்த சான்று இருக்கிறது, கார்ப் பகுதி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். நாங்கள் மகளுக்கு இரண்டுக்கும் கட்டி ஏமாந்தோம்.

கடிதத்தில் இருக்கிற 90 நிமிடக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். நம் கவுண்டி இருக்கும் வடக்கு வர்ஜீனியாவில் அது கட்டாயம். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் உட்காரவேண்டும். வேலை இருக்கிறது என்று மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு, பிறகு காரில் நீங்கள் உட்காராதீர்கள். யார் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களோ அவர் போகவேண்டும்.

ஏனென்றால் சொல்லிக்கொடுக்கப் போவது பள்ளி அல்ல, நீங்கள்தான். கணக்குப் பாருங்கள். கார்ப் பகுதியில் 14 வேளை. அதில் 7 வேளை பின்னால் உட்கார்ந்து இன்னொரு பிள்ளை ஓட்டுவதைப் பார்ப்பது. மீதி 7 வேளை, வேளைக்கு 50 நிமிடம். ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் லைசென்ஸுக்கு முன் 45 மணி நேரம் ஓட்டியிருக்கவேண்டும், அதில் 15 மணி நேரம் சூரியன் மறைந்த பிறகு. அந்த 45 மணி நேரமும் பெற்றோர் தலையில். கடைசியில் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போடுவதும் நீங்களே. ஓட்டாமலே ஓட்டியதாக எழுதிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்வார்கள். அவர்களிடம் அதற்குமேல் பேச்சை வளர்க்காதீர்கள்.

எங்கள் வீட்டில் முதலில் கணவர்தான் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மகள் அழுதுகொண்டே இறங்கினாள். பிறகு நான் உட்கார்ந்தேன். நான் கத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் காரை ஓரமாக நிறுத்தி, "அம்மா, எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நடக்கிற குழந்தைக்கும், கத்தியில் காய் நறுக்குகிற பெண்ணுக்கும், மாடி ஏறுகிற தாத்தாவுக்கும் நாம் சொல்வது அந்த ஒரே சொல்தான். அதில் அக்கறை இருக்கிறது, தகவல் இல்லை. அதன்பிறகு, "இடப்பக்கம் சைக்கிள் வருகிறது", "முன்கார் பிரேக் விளக்கு எரிகிறது" என்று சொல்லப் பழகினேன். இன்னொன்று: எங்கள் பிள்ளைகளுக்கு வலது, இடது என்ற சொற்கள் சட்டென்று பிடிபடாது. "சோற்றுக்கைப் பக்கம் திரும்பு" என்றால் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நமக்கும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளவேண்டியது இருக்கிறது. இடப்பக்கமாக ஓட்டி வளர்ந்த கண், வண்டி வருகிறதா என்று தப்பான திசையில் முதலில் பார்க்கும். உங்கள் பழக்கத்தை அவனுக்குப் பாடமாக்கிவிடாதீர்கள். பள்ளிப் பஸ் சிவப்பு விளக்குப் போட்டு நின்றால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசையிலும் நிற்கவேண்டும் என்பது அவனுக்கு வகுப்பில் தெரிந்துவிடும். உங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

இரவு மணி நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நவம்பர், டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கடைக்கும் பாட்டு வகுப்புக்கும் அவனையே ஓட்டச் சொன்னால் 15 மணி நேரம் தானாகச் சேரும். கோடையில் விட்டால் ஒன்பது மணிவரை காத்திருக்கவேண்டும். எங்கள் மகளின் கணக்கில் பாதி மேரிலாந்தில் லேன்ஹம் ஊரிலிருக்கும் முருகன் கோவிலுக்குப் போய்வந்ததில் சேர்ந்ததுதான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, பின்னிருக்கையில் பிரசாதப் பொட்டலத்தோடு, வாஷிங்டனைச் சுற்றி ஓடும் பெல்ட்வே நெடுஞ்சாலையில் ஏறி, அத்தனை லாரிகளுக்கு நடுவே தடம் மாறக் கற்றுக்கொண்டாள். ஆனால் அது கடைசி இரண்டு மாதத்தில். முதல் மாதத்தில் பெல்ட்வே பக்கம் போகவேண்டாம்.

ஆவணங்களில் நம்மவர்களுக்கென்றே சில சிக்கல்கள். பையன் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் விசாவில், இருந்தால் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது. அதனால் பெர்மிட் மறுக்கப்படாது, எண் இதுவரை வழங்கப்படவில்லை என்று தெரிவித்தால் போதும். பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 எல்லாம் எடுத்துப் போங்கள். விசா அனுமதி முடிகிற தேதியிலேயே அவன் லைசென்ஸும் முடியும். உங்கள் நீட்டிப்பு வரும்போதெல்லாம் அதையும் புதுப்பிக்கவேண்டும். பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து மட்டும் என்று இருந்தால் பள்ளியின் சான்றும் டி.எம்.வி.யின் பதிவும் ஒத்துப்போகாது. இப்போதே பள்ளி அலுவலகத்தில் சொல்லித் திருத்திவிடுங்கள்.

லைசென்ஸ் கிடைக்கப் பெர்மிட்டை ஒன்பது மாதம் வைத்திருக்கவேண்டும், வயது 16 வருடம் 3 மாதம் ஆகியிருக்கவேண்டும். இந்த மாதம் எடுத்தால் உங்கள் பையனுக்குப் பதினாறரை. கார்ப் பயிற்சியின் கடைசி வேளையில் பயிற்றுநரே ஓட்டுத் தேர்வு வைத்து, 180 நாள் செல்லும் சான்றைத் தருவார். பெர்மிட்டோடு அதையும் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டலாம்.

அப்புறம் ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரும். பயப்படவேண்டாம். 2018-இல் அதைப் பிரித்த என் கணவர், கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் லைசென்ஸ் சிறார் நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதியின் முன்னிலையில் கையளிக்கப்படுவது இந்த மாநிலத்து வழக்கம். பெற்றோர் ஒருவர் கூட வரவேண்டும். நாங்கள் பட்டுப்புடவையும் சட்டையுமாகப் போனோம். மற்றவர்கள் அலுவலக உடையில் அவசரமாக வந்திருந்தார்கள். நீதிபதி ஒரு விபத்தைப் பற்றிப் பேசியபோது அந்த அறையில் ஒரு கைப்பேசிகூட வெளியே வரவில்லை.

லைசென்ஸ் வந்தபிறகும் கட்டுப்பாடு உண்டு. நள்ளிரவு முதல் நான்கு மணிவரை, வேலை, பள்ளி நிகழ்ச்சி போன்ற விதிவிலக்கு தவிர, ஓட்டக்கூடாது. முதல் ஆண்டில் குடும்பத்தார் அல்லாத 21 வயதுக்குக் கீழானவர் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். காப்பீட்டுக் கட்டணம் ஏறுவதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்; மதிப்பெண் நன்றாக இருந்தால் பல நிறுவனங்கள் குறைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

கூட்டம் முடிந்த வாரமே தொடங்கிவிடலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பள்ளியின் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். முதல் இரண்டு மணி நேரம் பிரேக்கை மட்டும் பழகட்டும்.