புலம்பெயர்ந்த குடும்பங்களின் வாழ்க்கையையும் உறுதியையும் சொல்லும் கலை நம்மிடம் உண்டா என்று கேட்டீர்கள்.

உண்டு. எங்கள் ஆச்சி பாடிக் கேட்டிருக்கிறேன்.

கல்லூரி ஆய்வுக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. ஓவியம், ஆவணப்படம் என்று பட்டியல் வேண்டுமானால் வேறு யாராவது தருவார்கள். படிக்க ஒன்று சொல்கிறேன்: புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. 1935-ல் வந்தது. நம் திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதை.

எங்கள் குடும்பமும் அந்த வழியாகப் போனதுதான். ஆச்சியின் பாட்டனார், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாடான கண்டிச் சீமைக்குப் போனவர். 1948-ல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. தோட்டத்து ஆட்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று சுற்றித் திருநெல்வேலி வந்து சேர்ந்தார்கள். அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்கள், இங்கே ‘சிலோன்காரி’ என்றார்கள்.

தாத்தா தப்பு என்னும் பறை அடிப்பார். மாசி மாதம், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வாசலில் கரும்பும் ஆமணக்கும் நட்டுக் காமன் கூத்து நடத்திய ஆள். நம் பக்கத்துக் கணியான் கூத்து மாதிரி அதிலும் ஆண்கள்தான் பெண் வேடம் கட்டுவார்கள். மன்மதன் எரிந்த பிறகு ரதி வைக்கும் ஒப்பாரியில், கூட்டத்துப் பெண்கள் அவரவர் வீட்டுச் சாவையும் பிரிவையும் சேர்த்து அழுவார்களாம்.

ஆச்சியிடம் இருந்தவை தேயிலைக் கொழுந்து பறிக்கையில் பாடும் கொழுந்துப் பாட்டுகள். பாடும்போது கை சும்மா இருக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரெண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளும். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசும். முதுகில் கூடை இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வீச்சு மட்டும் தப்பவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு விழாவுக்கு ஆச்சியைக் கூப்பிட்டார்கள். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். காட்டில் அண்ணனைத் தொலைத்த பாட்டைப் பாடினார்கள், எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்து கணக்கப்பிள்ளைப் பாட்டை எடுத்தார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை, கொழுந்து நிறுக்கையில் எடையை, அதாவது ராத்தலைக் குறைப்பவன், அரைநாள் கூலி மட்டும் எழுதி அரைப்பேர் போடுபவன்; அவனை, அவன் தொப்பி, நடை, வீட்டுச் சண்டை வரைக்கும் இழுத்துச் சிரிக்கிற பாட்டு. ஏற்பாட்டாளர் மேடையேறி, “பாட்டி, இது வேண்டாம், சோகமா இன்னொண்ணு பாடுங்க” என்றார்.

ஆச்சி சொன்னார்கள்: “தம்பி, அழுதுக்கிட்டே இருந்திருந்தா நாங்க உசுரோட வந்திருப்பமாய்யா?”

மைக்கை வாங்கிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எங்கள் கண்ணீர் மட்டும் கலை, எங்கள் கேலி கலை இல்லையா? துரை குதிரையில் நிற்கும்போதே அவனுக்கு விளங்காத தமிழில் அவனைப் பாட்டில் வைத்துத் திட்டியவர்கள் அவர்கள். நீங்கள் ‘உறுதி’ என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டில் அது இந்தப் பாட்டில்தான் இருந்தது.

நாட்டுப்புறப் பாட்டெல்லாம் கலையா என்று எழுத வருபவர்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. பின்னால் போரில் வந்த ஈழத்து மக்களின் வலி வேறு, அதை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே எங்களையும் அவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அந்தக் குழப்பம் அலுவலகங்களிலும் உண்டு. என் தம்பிக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைந்தோம். இந்தியா திரும்பும்போது கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையை நீட்டினால், “நீங்க அகதியா? பூர்வீகத்துக்கு ஆதாரம் எங்க?” என்கிறார்கள். பாட்டனார் கங்காணியோடு நடந்து போனதற்கு யார் ரசீது கொடுத்தார்கள்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வுக்காக என்றால் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போங்கள். தமிழக அரசின் தேயிலைக் கழகமான டான்டீ தோட்டங்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. வயதான பெண்களிடம் கணக்கப்பிள்ளையைப் பற்றிப் பாட்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சோகப் பாட்டை நீங்கள் கேட்காமலே பாடுவார்கள்.