ரேஞ்சர் கிளாஸை மாற்றி எழுதுவது: டேமேஜைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி ஆடுகிறது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்) கிளாஸை, அதாவது பாத்திர வகையை, எடுத்த தோழி நான்காம் லெவலுக்கு வந்துவிட்டார். "என் பாத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதை ஒரே மாதிரிதான் போகிறது" என்று வருத்தப்படுகிறார். அவருடைய அம்புகளின் டேமேஜுக்குக் கூடுதலாக ஒரு டி6 (ஆறு முகப் பகடை) கொடுத்தால் போதுமா? இல்லை, கிளாஸையே மாற்றி எழுத வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

டி6 கொடுக்க வேண்டாம். உங்கள் தோழி சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அடி பலமாக விழவில்லை என்று அவர் சொல்லவில்லை. கதையில் தனக்குப் பங்கில்லை என்கிறார். அதற்கு மருந்து வேறு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ரேஞ்சர் சண்டையில் பலவீனம் என்ற பேச்சு பரவலாக இருப்பதால், பலரும் திருத்தத்தை அங்கேயே தொடங்கிவிடுகிறார்கள். ஐந்தாம் லெவல், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, லாங்போ (நீள வில்), ஆர்ச்சரி ஸ்டைல் (வில் பயிற்சி) என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்கும்போது உருட்டும் பகடையோடு +9 சேரும். எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாண்ட வேண்டிய எண்) 15 என்றால் இருபது முகப் பகடையில் 6 விழுந்தாலே அம்பு படும். அதாவது 75 சதவீதம். பட்ட அம்புக்குச் சராசரி டேமேஜ் 8.5. இந்த லெவலில் ஒரு சுற்றுக்கு இரண்டு அம்பு விடலாம்; கிரிட்டிகலை (பகடையில் 20 விழுந்தால் வரும் கூடுதல் அடி) சேர்க்காமல் இரண்டு அம்புக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 12.75. இதுவரை ஃபைட்டருக்கும் ரேஞ்சருக்கும் ஒரே கணக்குதான். ரேஞ்சர் ஹன்டர்ஸ் மார்க் என்ற ஸ்பெல்லைப் (மந்திரத்தை) போட்டுவிட்டால் ஒவ்வொரு அம்புக்கும் டி6 கூடி, சுற்றுக்கு 18 ஆகிறது. அதே லெவல் ரோக் (பதுங்கித் தாக்கும் கிளாஸ்), அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) இல்லாமல் ஷார்ட்போவில் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடியைப் போட்டால் 11.7 வரும். ஃபைட்டருக்கு ஆக்ஷன் சர்ஜ் (ஒரே சுற்றில் கூடுதல் ஆக்ஷன்) இருக்கிறது, ரோக் ஒளிந்து அட்வான்டேஜ் வாங்குவார் என்பதையெல்லாம் சேர்த்தாலும் ரேஞ்சர் பின்தங்கவில்லை. இதன் மேல் இன்னொரு டி6 வைத்தால், ஃபைட்டர் ஆடுபவரிடமிருந்து உங்களுக்கு அடுத்த புகார் வரும்.

குறை இருப்பது ஃபேவர்ட் எனிமி, நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்ற முதல் லெவல் ஃபீச்சர்கள் (கிளாஸ் தரும் திறன்கள்) இரண்டிலும்தான். அவற்றை வரிவரியாகப் படியுங்கள்.

ஃபேவர்ட் எனிமியில் ஓர் எதிரி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வகை எதிரியின் தடம் பார்க்கவும் அதைப் பற்றிய தகவலை நினைவுகூரவும் அட்வான்டேஜ், கூடவே ஒரு மொழி. அவ்வளவுதான். பிசாசுகளை வேட்டையாடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர், பிசாசை அடிக்கும்போது வேறு யாரையும் விட நன்றாக அடிப்பதில்லை. அந்த வித்தியாசம் வருவது 20-ஆம் லெவலில். அதுவும் நீங்கள் கதையில் பிசாசை வைத்தால்தான். முதல் நாளில் எடுத்த முடிவு பலிக்குமா என்பது மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

நேச்சுரல் எக்ஸ்ப்ளோரரில் இன்னொரு சிக்கல். தேர்ந்தெடுத்த நிலப்பரப்பில் குழு வழி தவறாது, மாயத்தால் தவறினால்தான் உண்டு. கரடுமுரடான நிலம் பயணத்தைத் தாமதப்படுத்தாது. உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். படிக்க நன்றாக இருக்கிறது. மேசையில் என்ன நடக்கிறது? "காட்டில் மூன்று நாள் போகிறோம்." "வழி தவறமாட்டீர்கள். சாப்பாடும் கிடைத்துவிட்டது. வந்து சேர்ந்துவிட்டீர்கள்." காட்டுக்காகவே உருவாக்கிய பாத்திரத்துக்குக் காட்டில் ஆட எதுவும் மிச்சமில்லை. அந்த நிலத்துக்கு வெளியே போனால் ஃபீச்சரே வேலை செய்யாது. எனக்கு இந்தக் கிளாஸ் மிகவும் பிடிக்கும்; அதனாலேயே இந்த இடம் வலிக்கிறது.

ஆகவே நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு ஃபீச்சரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதனால் ஆடுபவருக்கு ஒரு முடிவு எடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறதா, அதை அவரே தொடங்க முடிகிறதா?

நான் இப்படி மாற்றுவேன். ஃபேவர்ட் எனிமிக்குப் பதிலாக 'இலக்கு'. ரேஞ்சர் ஒரு தடத்தையோ பிணத்தையோ கைவிட்ட முகாமையோ பத்து நிமிடம் ஆராய்ந்தால், அதை விட்டுச் சென்றதைத் தன் இலக்காக அறிவிக்கலாம். உடனே டிஎம்மிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: எத்தனை பேர், போய் எவ்வளவு நேரமாகிறது, எது அவர்களைக் காயப்படுத்தும், எதற்கு அஞ்சுவார்கள். பகடை கிடையாது, உண்மையான பதில் வந்தாக வேண்டும். ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு முறை. பழைய ஃபீச்சரில் புதிய எதிரி வகை சேரும் அதே 6, 14-ஆம் லெவல்களில் ஒவ்வொன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

மேசையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். எரிந்த காவல் சாவடி. எல்லாரும் சுவரை நோட்டம் விடும்போது உங்கள் தோழி மண்ணில் குனிந்து, "எது இவர்களைக் காயப்படுத்தும்?" என்று கேட்கிறார். "குளம்புத் தடங்கள் ஓடையருகே வந்து, தண்ணீரைத் தொடாமல் சுற்றிப் போயிருக்கின்றன" என்கிறீர்கள். அடுத்த சண்டையை எங்கே நடத்துவது என்பதை இப்போது அவர்தான் தீர்மானிக்கிறார். டேமேஜ் ஒரு புள்ளி கூடக் கூடவில்லை.

நேச்சுரல் எக்ஸ்ப்ளோரரை எல்லா நிலத்துக்கும் பொதுவாக்குங்கள். பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ரேஞ்சர் இரண்டு வழிகளைக் கண்டுபிடிக்கிறார். ஒவ்வொன்றின் லாபத்தையும் ஆபத்தையும் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சதுப்பு வழியாகப் போனால் ஒரு நாள் மிச்சம், ஆனால் தடம் அழியாது. மேட்டு வழியில் தடம் இருக்காது, ஆனால் தூரத்திலிருந்தே கண்ணில் படுவோம். வழியை முடிவு செய்வது குழு. ஆனால் அப்படி இரண்டு வழி இருப்பதே ரேஞ்சரால்தான். உங்களுக்கும் வேலை அதிகமில்லை, பயணத்துக்கு இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.

மூன்றாம் லெவலில் வரும் ப்ரைமீவல் அவேர்னஸை எடுத்தே விடலாம். ஸ்பெல் ஸ்லாட்டை (ஒரு ஸ்பெல் போடும் வாய்ப்பை) செலவழித்து, ஒரு மைல் சுற்றளவில் டிராகனோ பிசாசோ உண்டு என்று மட்டும் தெரிந்துகொள்கிறோம். எங்கே, எத்தனை என்று தெரியாது. நான்காம் லெவல் ரேஞ்சருக்கு இருப்பதே மூன்று ஸ்லாட். அந்த வேலையை 'இலக்கு' செய்துவிடும்.

தோழி ரேஞ்சரில் பீஸ்ட் மாஸ்டர் (விலங்குத் துணையோடு சண்டையிடும் உட்பிரிவு) எடுத்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 2014 விதியில் விலங்கைத் தாக்கச் சொல்ல ரேஞ்சர் தன் ஆக்ஷனையே (அந்தச் சுற்றின் முக்கியச் செயலையே) கொடுக்க வேண்டும். ஓநாய் கடித்தால் வில் சும்மா இருக்கும். ஐந்தாம் லெவலிலிருந்துதான் கூடவே ஒரு அம்பு விடலாம். இதற்குத் தீர்வை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற விதிப் புத்தகம் கட்டளையைப் போனஸ் ஆக்ஷனாக (ஆக்ஷனோடு கூடவே செய்யும் சிறு செயலாக) மாற்றியது; நிலத்து விலங்குக்கு உயிர்ப்புள்ளிகளும் ரேஞ்சர் லெவலின் ஐந்து மடங்கோடு ஐந்து. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹன்டர்ஸ் மார்க்கைத் தொடலாமா என்றால், கொஞ்சம். அதற்குக் கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லில் மட்டுமே வைக்கக்கூடிய கவனம்) தேவைப்படுவதால் வேறு நல்ல ஸ்பெல்களைத் தோழி தொடவே மாட்டார். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஸ்லாட் செலவில்லாமல் சில முறை போட அனுமதிக்கிறது, ஆனால் கான்சன்ட்ரேஷனை வைத்திருக்கிறது. அது சரியான எல்லை என்பது என் கருத்து. கான்சன்ட்ரேஷனை எடுத்துவிட்டால் அந்த 18 நிரந்தரமாகிவிடும், அதன் மேல் இன்னொரு ஸ்பெல்லும் ஏறும்.

வீட்டில் எழுதும் கிளாஸ்களில் அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறு: புதிய ஃபீச்சரை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற எண்ணிக்கையை ப்ரொஃபிஷியன்சி போனஸோடு (தேர்ச்சிக்காகப் பகடையில் கூட்டும் எண்ணோடு) கட்டிவிடுவார்கள். அந்தப் போனஸ் மொத்த லெவலோடு வளர்வது. மல்டிகிளாஸ் (ஒரே பாத்திரத்துக்கு இரண்டு கிளாஸ்) அனுமதிக்கும் மேசையில் ரோக் ஒரே ஒரு லெவல் ரேஞ்சர் எடுத்துக்கொண்டு முழு வளர்ச்சியையும் வாங்கிவிடுவார். மேலே எண்ணிக்கையை ரேஞ்சர் லெவலோடு கட்டியது இதற்காகத்தான்.

எழுதி முடித்ததும் தோழியிடம் ஒரே பக்கத்தில் கொடுங்கள், மூன்று அமர்வுகளுக்குச் சோதனை என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பும் உரிமை அவருக்கு இருக்கட்டும். அந்த மூன்று அமர்வுகளிலும் டேமேஜை எண்ணாதீர்கள். தோழி எத்தனை முறை தானாகவே "நான் இதைச் செய்கிறேன்" என்று தொடங்குகிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். ரோக் ஆடுபவருக்கும் அதேபோல் தனி வரிசை. ஒருவருடைய கோடுகள் ஏறும்போது மற்றவருடையது இறங்கினால், 'இலக்கு' கேள்வியில் ஒன்றைக் குறைத்து மறுபடி ஆடிப் பாருங்கள்.