தயிர் டிப் ஏன் தண்ணியா போகுது?

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயசு. கேரட், வெள்ளரிக்கா எல்லாம் பச்சையாவே சாப்பிடுவான், ஆனா பக்கத்துல மயோனைஸ் இருக்கணும். அதுக்கு பதிலா வீட்லயே தயிர்ல டிப் பண்ணேன், பத்து நிமிஷத்துல தண்ணி விட்டு பச்சடி மாதிரி ஆயிடுச்சு, காய்ல ஒட்டவே மாட்டேங்குது. எங்க தப்பு பண்றேன்?
- வாசகி, திருச்சி

பதில்: பையன் பச்சைக் காயை கடிச்சு சாப்பிடுறானே, அதுவே பெரிய விஷயம் தோழி, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க. மயோனைஸ்ல பெரும்பகுதி எண்ணெய்தான். பச்சை முட்டையில செய்ற மயோனைஸை கிருமி பயத்தால நம்ம தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8லேர்ந்து ஒரு வருஷத்துக்கு தடை பண்ணுச்சு. அதனால நீங்க தயிருக்கு மாறினது ரொம்ப சரி.

தயிரை வடிக்காம அப்படியே கலந்திருப்பீங்க, அதான் தண்ணி விட்டிருக்கு. புளிக்காத கெட்டித் தயிர் அரை லிட்டர் எடுத்து பழைய வேட்டித் துணியில மூட்டையா கட்டி, வடிகட்டியில வெச்சு, அடியில ஒரு பாத்திரம் குடுத்து ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு மணி நேரம் விட்டுடுங்க. நான் முன்னெல்லாம் சமையலறை குழாய்ல தொங்க விடுவேன், ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு சீக்கிரமே புளிச்சுடுது. துணியில சோப்பு வாசனை துளிகூட இருக்கக்கூடாது, ஒரு தடவை நான் சரியா அலசாம கட்டி மொத்த தயிரும் சோப்பு வாடை அடிச்சு, கீழ கொட்டும்போது மனசே ஆறல. கீழ வடியுற மஞ்சள் தண்ணியை கொட்டாதீங்க, சப்பாத்தி மாவு பிசைய அவ்ளோ நல்லா இருக்கும்.

போட்டதுல பாதிதான் மிஞ்சும், ஆனா ஸ்பூனை கவுத்தாலும் விழாது, அதான் பதம். அதுல அரைப் பல் பூண்டு நசுக்கிப் போட்டு, வறுத்த சீரகப்பொடி, மிளகு, ஈரம் போகத் துடைச்சு பொடியா நறுக்கின புதினா சேருங்க. உப்பு மட்டும் சாப்பிடுறதுக்கு சற்று முன்னாடிதான். கிரீஸ்ல இதே மாதிரி வடிச்ச தயிர்லதான் வெள்ளரிக்காயைத் துருவி ஒட்டப் பிழிஞ்சு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து ட்ஸாட்ஸிகி பண்றாங்க, பிழியாம போட்டா அவங்களுக்கும் பச்சடிதான்.

காய்க்கு நேர்மாறா, தண்ணி உள்ள ஏறணும். கேரட், முள்ளங்கி, நூல்கோல், குடைமிளகாய் எல்லாத்தையும் விரல் நீளத்துக்கு நறுக்கி ஐஸ் தண்ணியில இருபது நிமிஷம் போட்டு வெச்சா, வாடின கேரட் கூட நறுக்குன்னு ஒடியும். எடுத்ததும் துடைச்சுடுங்க, ஈரமா இருந்தா டிப் வழுக்கிட்டு போயிடும். காலிஃப்ளவர் மட்டும் பச்சையா வேணாம், இடுக்குல புழு ஒளிஞ்சிருக்கும், மஞ்சளும் உப்பும் போட்ட கொதிதண்ணியில ரெண்டு நிமிஷம் விட்டு எடுத்துக்குங்க.

கேள்வி: ஸ்கூல் டப்பாவுல தயிர் டிப் குடுத்து விடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: மதியத்துக்குள்ள புளிச்சுடும், வேணாம். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, காய்ஞ்ச மிளகாய் ஒண்ணு, துளி புளி, உப்பு, தேங்காய் சேர்க்காம கெட்டியா துவையல் அரைச்சு சின்ன டப்பாவுல குடுங்க, வெள்ளரிக்காய்க்கு அது பிரமாதமா சேரும். காயை வேற டப்பாவுல வைங்க.