மருத்துவம் எட்டவில்லை, கலங்களைப் படிக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகள் உயர்தர உயிரியல் பிரிவில் நல்ல சித்தி. ஆனால் கொழும்பு மாவட்டத்தின் மருத்துவ வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மீண்டும் எழுத மாட்டாளாம். 'முதிர்ந்த கலம் இளநிலைக்குத் திரும்புவதைப் படிக்கப் போகிறேன்' என்கிறாளாம். இது சோறு போடுமா?

அம்மா, மகள் கேட்பது கனமான படிப்பு. ஒரு வேலைக்கென்று முதிர்ந்த உயிர்க்கலம், மீண்டும் பலவகைக் கலங்களாக வளரக்கூடிய நிலைக்குத் திரும்புவதைப் பற்றியது. 1958இல் ஸ்டூவர்ட் என்ற தாவரவியலாளர், கரட் கிழங்கின் உரியக் கலங்களை (உரியம் என்பது தாவரத்தில் உணவு கடத்தும் இழையம்) சத்துகள் கலந்த வளர்ப்பூடகத்தில் இட்டு அவற்றிலிருந்து முழுச் செடியையே எடுத்துக் காட்டினார். அந்த இழையத்தில் முதிர்ந்து நின்ற கலம், பழைய வேலையை விட்டுவிட்டுப் பிரிந்து பெருகத் தொடங்கியது. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா எலியின் முதிர்ந்த கலங்களுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை முளையக் கலங்களை (கருவின் தொடக்கநிலைக் கலங்களை) போன்ற நிலைக்குத் திருப்பினார். 2012இல் பிரித்தானிய உயிரியலாளர் ஜோன் கேர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். யமனாக்கா மருத்துவம் படித்து, சத்திரசிகிச்சைப் பயிற்சியை விட்டு ஆய்வுகூடத்துக்குப் போனவர். மருத்துவம்தான் படிப்பு என்று சொல்லும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நம் நாட்டில் இதன் பயன் எங்கே என்றால், தென்னையைப் பாருங்கள். அது பக்கக்கன்று விடாத மரம். தேர்ந்த மரத்தை அப்படியே பெருக்க இழைய வளர்ப்பை, அதாவது மரத்தின் சிறு துண்டொன்றைப் போத்தலில் வளர்த்துச் செடியாக்குவதை, விட்டால் வழியில்லை. லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இதில் வேலை செய்கிறது. வெட்டிய துண்டின் கலங்கள் இளநிலைக்குத் திரும்பி, ஓக்சின் என்ற தாவர ஓமோன் கலந்த ஊடகத்தில் வெளிறிய, உருவமற்ற கட்டியாகத் திரள்வதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சத்திரக் கத்தியைச் சுவாலையில் காட்ட ஒருமுறை மறந்தால் போத்தல் முழுவதும் பூஞ்சணம். இந்தப் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். புள்ளியை விட எனக்கு அதுதான் பெரிது.

வேலை விடயத்தில் ஒளிக்க மாட்டேன். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு ஆய்வாளர் ஆவது கடினம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம், பிறகு பட்டமேற்படிப்பு, அதுவும் புலமைப்பரிசிலோடு என்று கணக்குப் போடுங்கள். இடையில் ஆய்வுகூட, தரக்கட்டுப்பாட்டு வேலைகளைத் தேடலாம்.

'குருத்துக் கலம்' (பலவகைக் கலங்களாக மாறக்கூடிய இளநிலைக் கலம்) என்று பெயர் சூட்டி இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் படிப்புக்கு உடனே பணம் கட்டாதீர்கள். பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா, மாணவர் கைப்படச் செய்யும் ஆய்வுகூடம் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். அரச பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உயிரியல் விஞ்ஞானத்தை எத்தனையாவது விருப்பமாக இடுகிறாள் என்பதும் முக்கியம். அந்த வரிசையை மகளே எழுதட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வைத்துக்கொண்டு நீங்கள் சரிபார்த்தால் போதும்.